வாசலுக்கு இடப்பக்கம் புதைத்த கிட்னி

“ஹலோ... ஹலோ... வினாரா? இரும்மா, வீட்டுக்குள்ள சிக்னல் விட்டு விட்டு வருது... இரு, வாசலுக்கு வர்றேன்... சீக்கிரம் வரணுமா? வயித்துல தையல் போட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது, நான் என்ன பந்தயக் குதிரையா?... ஆங். இப்பச் சொல்லு. கேக்குது, கேக்குது. அது மழை.”

ஜாவாவின் தெமாங்குங்கில் மழை பிடித்துக்கொண்டால் மலையும் தெரியாது, எதிர்வீடும் தெரியாது. கியார்த்தோவின் வீட்டில் கைபேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: வாசலுக்கு இடப்பக்கம், தகரத் தாழ்வாரத்தின் ஓரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அவர் அந்த இடத்துக்கு மட்டும் போவதில்லை. அங்கே ஒரு மூங்கில் கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கூடைக்குள் வயர் இழுத்து ஒரு சின்ன பல்பு. பல்புக்குக் கீழே, மண்ணுக்குள், அவருடைய இடது கிட்னி.

“ஆஸ்பத்திரியிலதான் இருக்கியா?... லேப் வாசல்ல. சரி. ரிசல்ட் வந்துருச்சா?... ம். வந்துருச்சு. சுத்தி வளைக்காம சொல்லு, நான் தயார்தான். நம்ம கடை நாற்காலியிலயே கால் ஆடாததாப் பாத்து நூறு ஒதுக்கி வெச்சுட்டேன். என் சாவுக்கு வந்தவன் எவனும் தடால்னு கீழ விழுந்துட்டான்னு பேரு வரக் கூடாது பாரு... சரி, சரி, கோவப்படாத. அழறியா, சிரிக்கிறியா? போன்ல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது கியார்த்தோவின் தொழில். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே நாற்காலிகள்தான். ஒன்றுக்கு உறை போடுவார், மற்றதற்குக் கழற்றுவார். இரண்டு வீட்டிலும் ஒரே ஜோக்கைச் சொல்லி எங்கேயும் அடி வாங்காமல் திரும்பியது அவருடைய ஒரே சாதனை. ஸ்கேன் படத்தில் இடப்பக்கம் எலுமிச்சை அளவு நிழல் தெரிந்து, ‘கேன்சர்தான், வேறென்ன’ என்று கிட்னியை முழுசாக எடுத்துவிட்ட பிறகும் அவர் ஜோக்கை நிறுத்தவில்லை. எடுத்த அந்த உறுப்பை மட்டும் பேர் சொல்ல மாட்டார். ‘அந்தச் சனியன்’ என்றால் அதுதான்.

“என்னது?... மறுபடி சொல்லு... கேன்சர் இல்லியா?”

தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லியா, இருக்காதா? ஒண்ணு சொல்லு... ‘இருக்காதுன்னு தோணுது’. தோணுதுன்னா என்ன, லேப்ல கைரேகை பாக்கறாங்களா?... சரி... நரம்பா? அங்க நரம்பு எங்கேர்ந்து வந்துச்சு?... ஓ... நரம்பு மேல ஒரு உறை இருக்கும்... ம்... அந்த உறையில முளைக்கிற கட்டி. அட, நம்ம ஸ்பீக்கர் வயர்னு சொல்லு! உள்ள கம்பி, மேல ரப்பர். ரப்பர் ஒரு எடத்துல புஸ்ஸுன்னு வீங்கிக்கிச்சு. சரியா?... லேப் டாக்டரம்மா பக்கத்துல நின்னு தலையாட்டறாங்களா? பாத்தியா, என்னைய மட்டும் படிக்க வெச்சிருந்தா... சரி சரி, சொல்லு. பரவாதா?... எங்கயும் போகாது, யாரையும் எதுவும் பண்ணாது, இருந்த எடத்துலயே உக்காந்திருக்கும். நம்ம பக்டே பைமான் மாதிரி.”

பைமான் என்பது அவர் மனைவியின் அண்ணன். மகள் வினாருக்கு அவர் பக்டே, அதாவது பெரிய மாமா. உட்கார்ந்திருப்பதில் ஊரில் அவருக்கு இணை கிடையாது.

“அப்புறம் படத்துல மட்டும் ஏன் கேன்சர்னு... ம்... படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். நல்ல கூத்து... ரொம்ப அபூர்வமா? டாக்டரம்மா இத்தன வருஷத்துல இதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் பாத்திருக்காங்களா? அடேயப்பா. நான் சீட்டு எழுதிப் போட்ட எந்தக் குலுக்கல்லயும் விழாதது இதுல விழுந்திருக்கு... ம்... ம்... வினார். அப்போ... வலது?”

அந்தக் கடைசிச் சொல் வந்தபோது குரலில் ஜோக்கு எதுவும் மிச்சமில்லை.

வலது கிட்னியின் ஓரத்திலும் ஒரு நிழல் இருந்தது, வேர்க்கடலை அளவுக்கு. இடப்பக்கத்தில் இருந்தது கேன்சர் என்றால் இதுவும் அதுவாகத்தான் இருக்கும். அதனால் திங்கட்கிழமை இதையும் திறப்பதென்று முடிவாகியிருந்தது. ஓரத்தை மட்டும் எடுக்கப் பார்க்கிறோம், முடியாவிட்டால் முழுசாக எடுத்துவிடுவோம், பிறகு ஆயுசுக்கும் இயந்திரத்தில் ரத்தம் கழுவிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சர்ஜன், கல்யாண மண்டபத்துக்கு நேரம் குறிப்பவர்போல, அமைதியாகச் சொல்லியிருந்தார்.

“இடப்பக்கம் கேன்சர் இல்லேன்னா வலதும் அதே ரப்பர் வீக்கமாத்தான் இருக்கும்... கத்தி வெக்க வேணாம்... அப்பப்பப் படம் எடுத்துப் பாத்தாப் போதும். நெசமாவா சொல்ற?... ஆனா? என்ன ஆனா? உங்கம்மா மாதிரி ‘ஆனா’ போடாத.”

மழை தகரத்தில் வலுத்தது. அவர் காதோடு கைபேசியை அழுத்திக்கொண்டார்.

“சர்ஜன் ஒத்துக்கல... ம்... லேப்காரங்க பாத்ததே ரெண்டு துணுக்கு. ஒண்ணு நசுங்கிப்போச்சு. இன்னொண்ணு பாத்துப் பாத்தே தீந்துபோச்சு. சாயம் ஏத்திப் பாத்தா அடிச்சுச் சொல்லிடலாம், ஆனா ஏத்தறதுக்குச் சதை இல்ல. மிச்சம் வேணும்... நாளைக்குக் காலைல கைக்கு வந்தா திங்கக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிடலாம். சரி, அவ்வளவுதானே! மிச்சத்த எடுத்துப் பாக்கச் சொல்லு. அது எங்க இருக்காம்?”

கேட்டு முடிப்பதற்குள் அவர் கண் கூடைக்குப் போயிற்று.

“...ஆமா... ஆமாம்மா. நம்மகிட்டதான் இருக்கு.”

லேப் ஜன்னலில் மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டபோது அங்கே நின்றது பைமான். ‘எங்க ஆளோட உடம்பு, உங்ககிட்டயா விட்டுட்டுப் போவோம்?’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் அவர் எழுந்து போய்ச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அன்று வீடே மெச்சியது.

“டாக்டரம்மா திட்டறது எனக்கே கேக்குது... திட்டட்டும், திட்டட்டும். ஆனா அவங்ககிட்டச் சொல்லு, எங்க ஊர்ல மனுசன் உடம்புலேர்ந்து பிரிஞ்சத ஆஸ்பத்திரிக் குப்பையில விட்டுட்டு வந்தா, அது ஒருநாள் அட்ரஸ் விசாரிச்சுக்கிட்டு வீட்டுக்கே வந்துரும்னு... ஓ, அவங்களும் ஜாவாக்காரங்கதானா? அப்பச் சொல்லாத. அவங்களுக்கே தெரியும்.”

“எங்க புதைச்சோம்னா... வாசல்லதான். இப்ப அது பக்கத்துலதான் நிக்கிறேன், வேற எங்க சிக்னல்... இல்ல, நான் பாக்கல, படுத்துக் கிடந்தேன். சண்டைய மட்டும் கேட்டேன். ஆம்பளப் பிள்ளையோட நஞ்சுக்கொடிய வாசலுக்கு வலப்பக்கம்தானே புதைப்போம், இதுவும் ஆம்பளயோடதுதான், அதனால வலப்பக்கம்னு மோதின். ‘இது இடது கிட்னி, இடப்பக்கம்தான்’னு உங்க பக்டே. அந்தச் சனியன் ஆம்பளயா பொம்பளயான்னு என் ஜன்னலுக்குக் கீழயே முக்கா மணி நேரம்... கடைசில பக்டேதான் ஜெயிச்சாரு. பொம்பளப் பிள்ளைங்க பக்கம், உன் நஞ்சுக்கொடிக்குப் பக்கத்துலயே. கூடையும் லைட்டும்கூட நஞ்சுக்கொடிக்கு வெக்கற மாதிரியேதான். ஒரு சித்தப்பா துணைக்கு வந்த மாதிரி வெச்சுக்கோ.”

மோதின் என்பவர் ஊரில் சாவு வீட்டுக்கு வந்து ஓதுகிறவர். கிட்னிக்கு ஓதியது அவருக்கும் அதுதான் முதல் தடவை. எந்த துஆவை ஓதுவது என்று கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

“வினார், ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்டச் சொல்லாத... எனக்கு இந்தப் பக்கம் வரவே பிடிக்கல. பொழுது சாய்ஞ்சா அவ லைட்டப் போடறா. படுக்கையிலேர்ந்து பாத்தா கூடைப் பின்னல் வழியா வெளிச்சம் வந்து சுவத்துல விழுது. உள்ள யாரோ முழிச்சு உக்காந்திருக்கற வீடு மாதிரி. வரவேண்டிய ஆள் இன்னும் வரலேன்னு விளக்க அணைக்காம வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி... அந்த நேரம் பாத்து இடுப்புல, ஒண்ணுமே இல்லாத அந்த எடத்துல, ஒரு இது. வலின்னு சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால நின்னு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட நினைச்சு, வேணாம்னு விட்ட மாதிரி... ச்சீ, மாத்திரையாத்தான் இருக்கும். விடு. என்ன கேக்கறாங்க?”

கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“டப்பாவோட புதைச்சோமா, வெளிய எடுத்துப் புதைச்சோமான்னா... எடுத்துத்தான். கழுவி, வெள்ளத்துணி சுத்தி, உப்புத் தூவி, மண்சட்டியில வெச்சு, மூடி போட்டு. நம்ம முறைப்படி ஒண்ணு விடாம. ஏன்?... ம்... டப்பாவுல இருக்கற மருந்துத் தண்ணியிலயே கிடந்தாத்தான் பிரயோஜனம். மண்ணுல கிடந்தா... ம். சரி. புரியுது. அழுகியிருக்கும்.”

தாழ்வாரத் தகரத்தின் ஓரத்திலிருந்து நீர் கயிறு கயிறாக இறங்கி, கூடையைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டிருந்தது.

“இல்ல, லைன்லதான் இருக்கேன்... ஒண்ணுமில்லம்மா. நம்ம வீட்டுல எதையாவது முறைப்படி செஞ்சிருக்கோமா சொல்லு. உன் கல்யாணத்துக்கே என் பந்தல் சாஞ்சு போச்சு. இந்த ஒண்ணத்தான் முறையா செஞ்சோம். எனக்காகச் சாட்சி சொல்ல உலகத்துல ஒரே ஒரு ஆள் இருந்தான், அவனப் பிடிச்சுக் கழுவி, உப்புப் போட்டு... சரி. சரி. இருந்தாலும் தோண்டிப் பாக்கச் சொல்றாங்களா? பாக்கறேன். பாத்துடறேன்.”

அவர் மனைவி சுமிரா, சோயா தெம்பே வில்லை பொரித்துக்கொண்டிருந்த எண்ணெய்க் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“வினாரம்மா, மண்வெட்டி எடு... தெரியும், மக்ரிப் பாங்கு சொல்லப்போறாங்க, பொழுது அடையற இந்த நேரத்துல மண்ணத் தொடக் கூடாது. தொட்டுத்தான் ஆகணும். உள்ள இருக்கறத மறுபடி ஆஸ்பத்திரிக்கு... அட, என்ன நின்ன எடத்துலயே நிக்கற? அழுகித்தான் இருக்கும், தெரியும், நீ பாக்க வேணாம், மூஞ்சியத் திருப்பிக்கோ... என்ன?... மழையில கேக்கல, சத்தமாச் சொல்லு... தொறக்கலியா?”

சுமிரா தோளில் கிடந்த துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

“டப்பாவ நீ தொறக்கவே இல்லியா? அப்ப கழுவினது?... சத்தம் மட்டுமா! வினார், கேட்டியா இந்த அநியாயத்த. மோதின் வெளிய உக்காந்து ஓதறாரு, இவ கொல்லையில கதவச் சாத்திக்கிட்டு, வெறும் தரையில தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திருக்கா! டப்பாவுக்கே துணியச் சுத்தி டப்பாவோடயே சட்டிக்குள்ள... அல்லா, மோதின், உன் பக்டே, நான், அத்தன பேரையும் ஒரு பக்கெட் தண்ணியில ஏமாத்திருக்கா! ஹா... ஹா... ஐயோ, சிரிக்க வைக்காதீங்கடி, தையல்...”

சிரிப்பு அடங்கியபின் ஏன் என்று கேட்டார். பயமா என்றார். பயமில்லை என்று அவள் தலையாட்டினாள். அதைக் கையில் எடுத்துக் கழுவினால், நாளைக்கு இவரைக் கிடத்திக் கழுவப் போவதை இன்றைக்கே ஒத்திகை பார்த்ததாக ஆகிவிடும் என்று தோன்றியதாம். கை நீளவில்லையாம். இதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

“ஒண்ணுமில்ல, சும்மா பாக்கப் பிடிக்கலியாம்... ஆமா, மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சாம். இரு, லைன்லயே இரு.”

சுமிரா கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். வயரில் தொங்கிய பல்பைத் தூணில் மாட்டினாள். புடவையும் அல்லாத, பாவாடையும் அல்லாத ஒரு பழைய சாரோங்கை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு மண்வெட்டியை ஓங்கினாள்.

“நான் குனியல! சத்தியமா. ஒரு கையில குடை, ஒரு கையில போன். இந்த வீட்டுல எப்பவும் இருக்கற ஏற்பாடுதான், அவ வேலை செய்யறா, நான் பேசறேன்... மெதுவா, வினாரம்மா, பக்கத்துல உன் மகளோடது இருக்கு... ம். சத்தம் வந்துச்சு. சட்டிதான்... தெரியுது, மூடி தெரியுது... கையால எடு, கையால... துணி. துணி கறுத்துப் போச்சு. பிரி... டப்பா. வினார், டப்பா இருக்கு. மூடி அப்படியே இருக்கு.”

சுமிரா டப்பாவை மழையில் நீட்டிக் கழுவினாள். இந்த முறை நிஜமாகவே கழுவினாள். மண் வழிந்து போய், ஒட்டியிருந்த சீட்டு தெரிந்தது.

“என் பேரு எழுதிருக்கு... கியார்த்தோ. ஐம்பத்தெட்டு. இடது. அவ்வளவுதான்... என் பேர மண்ணுக்குள்ளேர்ந்து நானே எடுத்துப் படிக்கறேன், வினார். எத்தன பேருக்குக் கிடைக்கும்... இல்ல. ஜோக் அடிக்கல.”

மசூதியில் பாங்கு ஆரம்பித்தது. சுமிரா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, மண் கையோடு அப்படியே நின்றாள். டப்பா இப்போது கியார்த்தோவின் கையில் இருந்தது. குடை எங்கோ போயிருந்தது.

“தண்ணி இருக்கு, குலுங்குது... தொறக்க மாட்டேன், சொல்லு அவங்ககிட்ட. பல்பு வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறேன், டப்பா கண்ணாடி மாதிரிதான்... இரு, கலங்கல் அடங்கட்டும்... ம். ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா ரெண்டு. ஒண்ணு உருண்ட. வெளுத்த மஞ்சள். மேல தோல் மாதிரி ஒண்ணு போத்தியிருக்கு, அதுல ஒரு பக்கம் அறுத்திருக்காங்க. அதுதானே கட்டி?... ம். அது கிட்னிக்குள்ள போகல. வெளியேர்ந்து சாஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம மதில்ல சாஞ்சுக்கிட்டு நிப்பானே, அப்படி... சொல்லு, அப்படியே சொல்லு அவங்ககிட்ட... என்ன சொல்றாங்க?... வெறும் ‘ம்’மா? நல்ல ‘ம்’மா, கெட்ட ‘ம்’மா?... சிரிச்சாங்களா? நீ பாத்தியா?... தெரியும், கண்ணால பாத்து யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. சாயம் ஏத்தித்தான். சரி. ஆனா சிரிச்சாங்க இல்ல?”

சுமிரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஒரு தரம் மேலும் கீழும் ஆட்டினார். அவள் தோண்டிய குழியின் ஓரத்திலேயே, சேற்றில், உட்கார்ந்துவிட்டாள்.

“சர்ஜன்கிட்டப் பேசிட்டாங்களா?... திங்கக்கிழமைய நிறுத்தி வெச்சாச்சு. இதோட ரிசல்ட் கைக்கு வர்ற வரைக்கும் வலப்பக்கம் கைவைக்க மாட்டாரு. ம்... ம்... அழாத கண்ணு. நல்ல செய்திதான். ஆமா, ஆமா, நல்ல செய்திதான்... உங்கம்மா இங்க சேத்துல உக்காந்திருக்கா. சிரிக்கறாளா அழறாளான்னு நேர்ல பாத்தும் தெரியல.”

வெளிச்சத்திலிருந்து டப்பாவை அவர் இறக்கவில்லை. உருண்டையைத் தாண்டி அவர் கண் மற்றதற்குப் போயிருந்தது. பழுப்பாக, வழவழப்பாக, வளைந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் அது மிதந்தது. கை ஆடும்போது அதுவும் லேசாகத் திரும்பியது, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல.

“வினார், டாக்டரம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. கட்டிய விடு. கிட்னி, கிட்னி மட்டும். அதுல ஏதாவது இருந்துச்சா?... ம். ஒண்ணும் இல்ல... எடுக்கற நிமிஷம் வரைக்கும் வேல செஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்... ம்... தெரியும்மா, படத்துல தெரியாது, யார் மேலயும் தப்பில்ல. நான் யாரையும் சொல்லல... முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன். பைமான் வேணாம். வேணாம்னா வேணாம், தையல் பிரிஞ்சா பிரியட்டும், நானே கொண்டு வர்றேன்... சரி... குலுக்காம. சாய்க்காம. சரி.”

பாங்கு முடிந்தது. மழையும் சற்று ஓய்ந்திருந்தது. டப்பாவைப் பார்த்தபடி அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கைபேசி காதிலிருந்து கழுத்துக்கு வழுக்கி, அங்கிருந்து ‘ஹலோ ஹலோ’ என்று எறும்புக் குரலில் ஏதோ கேட்டது. மறுபடி காதில் வைத்தார்.

“இல்ல, கட் ஆகல... பேசிக்கிட்டுத்தான்மா இருக்கேன்... உன்கிட்ட இல்ல. நீ வை.”